முகவரி இழந்த அடிகள்: தமிழில் சான்று தேடலும் கல்லூரி நூலகமும்

பழந்தமிழ் உரையாசிரியர்கள் தம் உரைக்கு அரணாகப் பிற நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக் காட்டுவர். காட்டிவிட்டு 'என்றார் பிறரும்' என்றோ, 'என்பதனான் உணர்க' என்றோ மேலே சென்றுவிடுவர். அவ்வடி எந்த நூலைச் சார்ந்தது, பாடியவர் யார் என்ற விவரங்களைப் பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. நூல்கள் முழுவதையும் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மாணாக்கர்களே அவ்வுரைகளைக் கேட்டனர். ஓர் அடியைச் சொன்ன அளவில் அதன் இடம் அவர்களுக்குத் தானே விளங்கிற்று. மனமே நூலகமாக இருந்த காலம் அது.

பாடங் கேட்கும் மரபு தளர்ந்து, ஏடுகள் பரண்களிலும் மடங்களிலும் உறங்கத் தொடங்கிய பின்னர் அவ்வடிகள் முகவரி இழந்தன. உரைக்குள் அடி இருந்தது. அதற்குரிய நூல் எதுவென்று சொல்வாரில்லை. சில நூல்கள் முற்றும் மறைந்து, உரையில் எஞ்சிய மேற்கோள் அடிகளால் மட்டுமே பெயரும் வடிவும் பெற்று நிற்கின்றன. மயிலை சீனி. வேங்கடசாமி 1959 ஆம் ஆண்டில் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற நூலை எழுத நேர்ந்ததே இவ்விழப்பின் அளவைக் காட்டும்.

இதற்கு மாறான ஒரு முன்மாதிரியும் தமிழில் உண்டு. ஏறத்தாழ 15 ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் 'புறத்திரட்டு' என்னும் தொகைநூலைத் தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. ஆயினும் அவர் தாம் எடுத்த செய்யுள்கள் எந்தெந்த நூலைச் சார்ந்தவை என்பதைக் குறித்து வைத்தார். அக்குறிப்பினாலேயே முத்தொள்ளாயிரத்தின் நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்கள் இன்று முத்தொள்ளாயிரம் என்ற பெயரோடு நம் கைக்கு வந்துள்ளன. தகடூர் யாத்திரையின் செய்யுள்கள் சில நமக்குத் தெரிவதும் அவ்வாறே. தம் பெயரை மறந்த ஒருவர் நூற்பெயரை மறவாததால் ஓர் இலக்கியம் பிழைத்தது. எடுத்த இடத்தைக் குறித்து வைத்தல் என்னும் இச்சிறு செயலின் வரலாறே தமிழில் சான்று தேடலின் வரலாறு எனலாம். அவ்வரலாற்றின் பெரும்பகுதி கல்லூரிகளோடும் அவற்றின் ஆசிரியர்களோடும் பிணைந்தது என்பதே இக்கட்டுரை காட்ட விழைவது.

மனனத்திலிருந்து அகர வரிசைக்கு

இன்று ஒரு மாணவி கல்லூரி நூலகத்திற்குள் நுழைந்து ஒரு சொல்லுக்குப் பொருள் காண விரும்பினால், அகராதியை விரித்து எழுத்து வரிசையில் விரலை ஓட்டுவாள். இது இயல்பாகத் தோன்றினும் தமிழுக்கு நெடுங்காலம் பழக்கமில்லாத வழியாகும். நம் பழைய சொற்பொருட் கருவி நிகண்டு. திவாகரம் தேவப்பெயர்த் தொகுதி, மக்கட்பெயர்த் தொகுதி, விலங்கின்பெயர்த் தொகுதி எனப் பொருள் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகளாகச் சொற்களைப் பகுத்தது. பின்னெழுந்த சூடாமணி நிகண்டு விருத்தத்தால் அமைந்து, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களால் மனப்பாடம் செய்யப்பட்டது. நிகண்டு தேடுவதற்காக எழுந்ததன்று; நினைவில் நிறுத்துவதற்காக எழுந்தது. அது முழுவதையும் மனத்தில் கொண்டவனுக்கே அது பயன் தரும்.

1594 ஆம் ஆண்டில் சிதம்பரம் இரேவண சித்தர் இயற்றிய 'அகராதி நிகண்டு' இம்முறையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிற்று. செய்யுள் வடிவை விடாமலே, சொற்களை முதலெழுத்தின் அகர வரிசையில் அது நிறுத்தியது. 1732 இல் வீரமாமுனிவர் இயற்றிய 'சதுரகராதி' செய்யுளையும் விட்டு, பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாகச் சொற்களை வகுத்து அகர வரிசையில் தந்தது. மனப்பாடம் செய்யாதவனும் தேடிக் காணலாம் என்ற நிலை அதனால் பிறந்தது. நூலகத்தில் பார்வை நூல் என்று தனியே ஒரு வகை உண்டாவதற்கு இதுவே அடிப்படை. தொடக்கம் முதல் இறுதி வரை படிப்பதற்கன்றி, வேண்டியபோது வேண்டிய இடத்தை மட்டும் பார்ப்பதற்கென அமைந்த நூலே பார்வை நூல்.

சொல்லுக்கு வழி கிடைத்தது. நூலுக்கு வழி கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அச்சுப் பெருகிய 19 ஆம் நூற்றாண்டில், தமிழில் எவ்வெந்நூல்கள் அச்சாயின என்பதைப் பொருள்வாரியாக வகுத்து 1865 இல் ஜான் மர்டாக் ஓர் அட்டவணை வெளியிட்டார். அவர் சமயப் பணிக்காக வந்தவர். அவருடைய மதிப்பீடுகள் சில இன்று ஏற்கத்தக்கன அல்ல. எனினும் 1865 க்கு முற்பட்ட தமிழ் அச்சு நூல்களை ஆராய்பவர் அவ்வட்டவணையைக் கடந்து செல்ல இயலாது. இரண்டாண்டுகள் கழித்து 1867 இல் நிறைவேறிய அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் அச்சாகும் நூல்களைப் பதிவு செய்ய வகை செய்தது. ஆட்சியாளர் அச்சுலகைக் கண்காணிக்கக் கருதிச் செய்த அப்பதிவே பிற்கால ஆய்வாளர்க்குச் சான்றாயிற்று. பகைவன் வெட்டிய கிணற்றிலும் தண்ணீர் உண்டு.

கும்பகோணம் கல்லூரியில் ஒரு தேடல்

1880 ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக உ.வே. சாமிநாதையர் பணியேற்றார். அவ்வாண்டிலேயே அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், அவர் படித்த நூல்களைக் கேட்டறிந்து, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவிய நிகழ்ச்சி தமிழுலகம் அறிந்தது. அவ்வினாவுக்குப் பின் நிகழ்ந்த உழைப்பு அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை.

சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் முகவரி இழந்த அடிகள் நிறைந்திருந்தன. அவ்வடிகளின் மூலம் தெரியாமல் உரை விளங்காது. உரை விளங்காமல் மூலத்தைப் பதிப்பிக்க இயலாது. சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தின் ஏடுகளைத் துழாவினார். அங்குக் கிடைத்த சங்கத் தொகை நூல்களின் ஏடுகளில், நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட அடிகள் ஒவ்வொன்றாகத் தென்பட்டன. ஒரு மேற்கோளின் மூலத்தைத் தேடப் போனவருக்கு எட்டுத்தொகையே கிடைத்தது எனலாம். சமணக் கொள்கைகளுக்கு அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடினார். 1887 இல் சிந்தாமணி வெளிவந்தது.

மணிமேகலைப் பதிப்பில் இத்தேடல் வேறொரு வழியில் சென்றது. பௌத்தக் கலைச்சொற்களுக்குப் பொருள் சொல்லத் தமிழ்நாட்டில் பௌத்தர் எவரும் இலர். கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் இரங்காசாரியர் பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து அவருக்குப் பொருள் கூறினார். தமிழ்க் காப்பியம் ஒன்றின் பூட்டைத் திறக்க ஆங்கில ஆய்வு நூல்கள் திறவுகோலாயின. இரு மொழிப் புலமையும் ஒரு கூரையின் கீழ்ச் சந்தித்த இடம் கல்லூரி. 1898 இல் வெளிவந்த மணிமேகலைப் பதிப்பில் புத்தர் வரலாறும் பௌத்த தருமமும் பௌத்த சங்கமும் பற்றிய பகுதிகள் இடம்பெற்றமைக்கு இக்கூட்டுறவே காரணம்.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. விவிலியத்தின் ஒத்த பகுதிகளைத் தொகுத்துக் காட்டும் ஆங்கில நூல் ஒன்றைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் காட்டக் கண்டு வியந்ததையும், தமிழுக்கும் அத்தகைய உழைப்பு வேண்டும் என எண்ணியதையும் சாமிநாதையர் தம் வரலாற்றில் நினைவுகூர்ந்துள்ளார். அவருடைய பதிப்புகளில் அரும்பத அகராதி, ஒப்புமைப் பகுதிகள், உரையில் மேற்கோளாக வந்த நூல்களின் பட்டி ஆகியவை சேர்ந்து அமைந்ததை இதனோடு இணைத்துப் பார்க்கலாம். பதிப்பாசிரியர் தாம் அடைந்த இடத்தை மட்டும் காட்டவில்லை; அங்குச் செல்லும் வழியையும் குறித்து வைத்தார். பின்வந்தவர் ஒவ்வொருவரும் மீண்டும் பரண் ஏற வேண்டிய தேவை அதனால் நீங்கிற்று.

வகுப்பறையில் பிறந்த பார்வை நூல்கள்

தமிழின் தொடக்கக் காலப் பார்வை நூல்களைத் தந்தவர்கள் பெரும்பாலும் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவர்களே. யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை 1902 இல் 'அபிதான கோசம்' வெளியிட்டார். இலக்கியத்திலும் புராணத்திலும் வரும் பெயர்களை அகர வரிசையில் நிறுத்தி விளக்கிய முதல் தமிழ் நூல் அது. சென்னையில் பச்சையப்பன் நிறுவனத்தில் தமிழ்ப் பண்டிதராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910 இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. ஆயிரம் பக்கங்களைக் கடந்த அப்பெருநூலை அச்சேற்றும் பொருள்வலி ஆசிரியரிடம் இல்லை. பாண்டித்துரைத் தேவரின் துணை கிட்டியிராவிடில் அது கையெழுத்துக் கட்டாகவே கிடந்திருக்கும். விரிவுபடுத்தப்பட்ட இரண்டாம் பதிப்பு 1934 இல் வந்தபோது அதைக் காணச் சிங்காரவேலு முதலியார் உயிரோடில்லை.

சொற்பொருளில் இதனினும் பெரிய முயற்சி சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1913 இல் தொடங்கிய பணி 1936 இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்று, 1939 இல் பின்னிணைப்பும் வெளிவந்தது. முதன்மைத் தொகுதிகளில் 1,04,405 சொற்களும் பின்னிணைப்பில் 13,357 சொற்களும் உள்ளன. ஜே.எஸ். சாண்ட்லர் தொடங்கி வைத்த பதிப்புப் பணியை 1926 முதல் ஏற்று முடித்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. இவ்வகராதியின் சிறப்பு சொல்லின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. இலக்கியச் சொல்லுக்குப் பொருள் தரும்போது அச்சொல் ஆளப்பட்ட இடத்தை நூற்பெயரின் சுருக்கத்தோடு அது காட்டுகிறது. உரையாசிரியர் விட்ட முகவரியை அகராதிக்காரர் எழுதினார். ஒரு சொல் சங்கத்தில் என்ன பொருளில் நின்றது, தேவாரத்தில் என்னவாயிற்று, கம்பனிடம் எவ்வாறு ஒளிர்ந்தது என்பதை ஒரே பத்தியில் காணும் வாய்ப்பைக் கவிஞர்களுக்குத் தரும் நூல் அது. கவிஞர்கள் அதை மிகுதியாகப் பயன்படுத்தவில்லை என்பது வருந்தத்தக்கது.

பொது அறிவுக்கெனத் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட 'கலைக்களஞ்சியம்' பத்துத் தொகுதிகளுக்கும் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்தவர் பெ. தூரன். அவர் கவிஞர், கீர்த்தனைகள் இயற்றியவர். படைப்பாளிக்கும் தகவல் தொகுப்புக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர்க்கு அவர் வாழ்க்கையே மறுமொழி.

கணக்காசிரியர் கண்ட நூலகம்

பார்வை நூல்கள் எழுந்தன. அவற்றை வேண்டுவோர் கையில் சேர்ப்பது எவ்வாறு? அக்காலக் கல்லூரி நூலகம் பெரும்பாலும் பூட்டிய அலமாரிகளின் வரிசை. நூல் கெடாமல் இருக்கிறதா என்பதே கண்காணிப்பாளரின் கவலை. படிக்கப்படுகிறதா என்பது அவர் பொறுப்பன்று. இந்நிலையை மாற்றியவரும் ஒரு கல்லூரி ஆசிரியரே. சீர்காழியில் 1892 இல் பிறந்த சீ. இரா. இரங்கநாதன், மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தவர்.

1924 சனவரியில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். மாணவர் கூட்டத்தோடு பழகியவருக்கு ஆளரவமற்ற அறை பொறுக்கவில்லை. சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்பிவிட விரும்பினார். நூலகப் பயிற்சிக்காக இலண்டன் சென்று வந்த பின்னும் இதே மனநிலை இருந்தால் திரும்பலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. இலண்டனில் பயின்றதோடு பிரித்தானிய நூலகங்கள் பலவற்றையும் பார்வையிட்ட அவர், அங்கே நூலகம் மக்களுக்குப் பணியாற்றுவதைக் கண்டார். 1925 இல் தாயகம் வந்தபோது கல்லூரிக்குத் திரும்பும் எண்ணம் அவரிடம் இல்லை.

1928 இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. நூல் இருப்பது பயன்படுவதற்கே. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய படிப்பவர் உண்டு. படிப்பவரின் காலத்தை வீணாக்கலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பன அவ்விதிகளின் கருத்து. கேட்பதற்கு எளியவை, ஆயின் பூட்டிய அலமாரிக்கு எதிரான போர்முரசு அவை. படிப்போர் தாமே தட்டுகளுக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்கும் திறந்த முறையை அவர் சென்னையில் நடைமுறைப்படுத்தினார். மூன்றாம் விதி இலக்கியவாதிகள் சிந்திக்க வேண்டியது. எவரும் கேட்டு வாராத கவிதை நூலுக்கும் எங்கோ ஒரு படிப்பவர் உண்டு; அவரைக் கண்டு அந்நூலைச் சேர்ப்பது நூலகத்தின் கடமை என்கிறது அவ்விதி.

பார்வைத் தொண்டு என்பதை இரங்கநாதன் நூலகப் பணியின் நெஞ்சமாகக் கருதினார். நூலகர் வெறும் காவலர் அல்லர். தேடி வருபவரின் வினாவை அவரோடு சேர்ந்து தெளிவாக்கி, விடை உள்ள இடத்திற்கு அழைத்துச் செல்பவர். விதிகளை வகுத்தவர் சட்டத்திற்கும் உழைத்தார். 1948 இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாகும். அதற்குப் பின்னே அவருடைய நெடிய முயற்சி இருந்தது.

எண்ணும் இடமும்

நூலகத் தட்டில் ஒரு தமிழ்க் கவிதை நூல் எங்கே நிற்கிறது என்பதும் வரலாறே. 1876 இல் அமெரிக்கரான மெல்வில் தூயி வகுத்த பதின்மப் பகுப்பு உலகெங்கும் பரவியது. அதில் ஆங்கில இலக்கியத்திற்கு 820 என்ற முழு எண் உண்டு. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் கொண்ட தமிழுக்கு உரிய எண் 894.811. பிற மொழி இலக்கியங்கள் என்னும் இறுதி மூலையில், புள்ளிக்குப் பின்னும் மூன்று இலக்கங்கள் கடந்தே தமிழை அடைய வேண்டும். தூயி தம் நாட்டு நூலகத்தை மனத்திற்கொண்டு வகுத்தார். அவர் கண்ணில் தமிழ் ஒரு தொலைதூர மொழி.

இரங்கநாதன் 1933 இல் வெளியிட்ட கோலன் பகுப்பு இலக்கியத்தை வேறு வகையில் நோக்கியது. மொழி, வடிவம், ஆசிரியர், நூல் என ஒவ்வொரு கூறையும் தனித்தனியே பிரித்து, வேண்டியவாறு இணைக்கும் முறை அது. இலண்டன் கடை ஒன்றில் உலோகப் பட்டைகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பல உருவங்கள் செய்யும் விளையாட்டுக் கருவியைக் கண்டபோது இக்கருத்து அவருக்கு உதித்தது. அப்பகுப்பில் எம்மொழி இலக்கியமும் மற்றொரு மொழி இலக்கியத்தின் பக்கத்திலேயே, ஒரே முறையில் எண் பெறுகிறது. கவிதைக்கு ஓர் எண், நாடகத்திற்கு ஓர் எண், புனைகதைக்கு ஓர் எண். ஆசிரியரைக் குறிப்பது அவர் பிறந்த ஆண்டு. ஆகவே கோலன் முறையில் அடுக்கிய கவிதைத் தட்டில் கவிஞர்கள் தலைமுறை வரிசையில் நிற்பர். தட்டின் ஓரமாக நடப்பவர் காலத்தின் ஊடே நடக்கிறார்.

இவ்வமைப்பிற்கு ஒரு தேவை உண்டு. கவிஞர் பிறந்த ஆண்டு தெரிந்திருக்க வேண்டும். தமிழில் பல கவிதை நூல்கள் அவ்விவரத்தைத் தருவதில்லை. சில நூல்களில் பதிப்பாண்டே இல்லை. சிலவற்றில் அச்சகத்தின் பெயர் உண்டு, ஊர் இல்லை. எவ்வளவு நுட்பமான பகுப்பும் நூல் தன்னைப் பற்றிச் சொல்லாததைத் தானே படைத்துக்கொள்ள இயலாது.

இதழ்களில் புதைந்தவை

பார்வை நூலும் பகுப்பு எண்ணும் நூல்களை எட்டுகின்றன. ஆய்வின் உயிர்நாடியான விவாதங்களோ முதலில் இதழ்களில் நிகழ்கின்றன. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்', 1923 இல் தோன்றிய 'செந்தமிழ்ச் செல்வி', 1925 இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தொடங்கிய 'தமிழ்ப் பொழில்' ஆகியவற்றின் கட்டமைத்த தொகுதிகள் பழைய கல்லூரி நூலகங்களின் மூலைகளில் உள்ளன. ஓர் ஆய்வாளர் இன்று புதிதாகக் கண்டதாக எண்ணும் கருத்து அவற்றுள் முன்பே மறுக்கப்பட்டிருக்கக் கூடும். ஆண்டுதோறும் பொருளடைவு இல்லாத இதழில் அதைக் காண ஒவ்வோர் இதழாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

படைப்பிலக்கியத்தின் நிலை இதனினும் கடினம். பாரதியார் 1921 இல் மறைந்தார். அவர் எழுதியவை 'சுதேசமித்திரன்', 'இந்தியா' முதலிய இதழ்களில் சிதறிக் கிடந்தன. பல புனைபெயர்களில் வந்தன. ரா.அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன் போன்றோர் வாழ்நாளையே தேடலுக்குத் தந்தனர். சீனி. விசுவநாதன் 1998 முதல் கால வரிசைப்படுத்தி வெளியிட்ட பாரதி படைப்புத் தொகுதிகள், ஒவ்வொரு படைப்பும் எங்கே, எந்நாளில் வெளிவந்தது என்பதை நிறுவ முயல்வன. ஒரு பாடல் 1907 இல் எழுந்ததா, 1917 இல் எழுந்ததா என்பது வெறும் ஆண்டுக் கணக்கன்று. முன்னது சூரத் மாநாட்டுக் கொந்தளிப்பின் காலம். பின்னது புதுவையில் அவர் தனிமையில் வாழ்ந்த காலம். ஆண்டு மாறினால் பாடலின் பொருளே மாறும்.

புதுமைப்பித்தன் மறைந்தது 1948 இல். அரை நூற்றாண்டு கழிந்த பின் ஆ.இரா. வேங்கடாசலபதி பழைய இதழ்களைத் துருவி, அச்சாகாதவற்றையும் தொகுக்கப்படாதவற்றையும் 'அன்னை இட்ட தீ' என 1998 இல் வெளியிட்டார். பின்னர் 2000 இல் கதைகளின் செம்பதிப்பும் வெளிவந்தது. சங்கப் புலவர்க்கு நேர்ந்தது 20 ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்க்கும் நேர்ந்தது. அச்சில் ஏறுவதாலேயே எழுத்து நிலைத்துவிடும் என்ற நம்பிக்கை தவறு. குறிக்கப்பட்டதே கிடைக்கும்.

காத்தவர்களும் அழிந்தவையும்

கல்லூரி நூலகங்கள் வாங்காமல் விட்டவற்றைத் தனிமனிதர் சிலர் காத்தனர். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, நூல்களோடு சிற்றிதழ்கள், நாடக அறிவிப்புகள், பாட்டுப் புத்தகங்கள் போன்றவற்றையும் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகளை அவர் திரட்டினார். 1992 இல் அவர் மறைந்த பின், 1994 இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருத்தியது. அவர் பெயரால் ஆய்வு நூலகம் சென்னையில் 1996 இல் திறக்கப்பட்டது. கல்லூரித் தட்டில் இடம் பெறாத சிறு வெளியீட்டைத் தேடுவோர் இன்று அங்கே செல்கின்றனர்.

எல்லாத் தொகுப்புக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. 1981 ஆம் ஆண்டு சூன் முதல் நாள் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. வேறெங்கும் படியில்லாத ஏடு எழவில்லை. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது இருப்பாகாது என்ற பாடத்தைத் தமிழர் அத்தீயிடம் கற்றனர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து எழுத்துகளுக்கென 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டமும் மின்வடிவில் படிகளைப் பெருக்கி அப்பாடத்தைச் செயலாக்கின.

இம்மின்னூலகங்களால் கல்லூரி நூலகத்தின் தேவை குறைந்துவிட்டதா? இல்லை, வினா மட்டும் இடம் மாறியுள்ளது. முன்னர் அடி கையில் இருந்தது, நூல் கிடைக்கவில்லை. இப்போது அடியும் நூலும் நொடியில் திரையில் வருகின்றன. எந்தப் பதிப்பு, யார் திருத்தியது, எவ்வாண்டுப் பாடம் என்பன வருவதில்லை. யாரோ ஒருவர் எழுதிய வரி பாரதியின் பெயரில் உலவுகிறது. பாரதியின் வரி பெயரின்றி உலவுகிறது. உரையாசிரியர் காலத்து நிலை மீண்டும் வந்துள்ளது, ஒரு வேறுபாட்டோடு. அன்று கேட்டவர்கள் இடம் அறிந்திருந்தனர்.

வட்டங்களின் கடன்

இலக்கிய வட்டங்கள் அச்சிடும் கவியரங்கத் தொகுப்பு, ஆண்டு மலர், துண்டு வெளியீடு ஆகியவை பெரும்பாலும் விற்பனைக்கு வருவதில்லை. நூல் வழங்கல் சட்டம் 1954 இல் இயற்றப்பட்டது. வெளியீடுகளின் படிகளைக் கல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. சிறு வெளியீட்டாளர் பலர் அதை அறியார். அறிந்தோரும் அனுப்புவது அரிது. பத்தாண்டுகளில் ஒரு வட்டத்தில் பாடப்பட்ட கவிதைகளுள் எத்தனை இன்று தேடினால் கிடைக்கும் என்பதை அந்தந்த வட்டமே தன் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரும்பணிகள் அல்ல. ஒவ்வொரு வெளியீட்டின் முதற்பக்கத்தில் ஆண்டு, ஊர், அச்சகம் இருத்தல் வேண்டும். கவிஞரின் பிறந்த ஆண்டும், புனைபெயராயின் இயற்பெயரும் ஓர் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். முன்னர் வேறிதழில் வந்த படைப்பாயின் அவ்விதழின் பெயரும் திங்களும் தரப்பட வேண்டும். இரண்டு படிகளேனும் அருகிலுள்ள கல்லூரி நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒன்று வேற்றூர் நூலகத்திற்குச் செல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒரு பொருளடைவு தொகுக்க ஓர் உறுப்பினரின் சில மாலைப்பொழுதுகள் போதும்.

புறத்திரட்டைத் தொகுத்தவர் செய்தது இவ்வளவே. பாடலை எழுதினார், கீழே நூலின் பெயரை எழுதினார். அவ்வொரு சொல்லின் விலை என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நூற்றாண்டுகள் கழித்து முத்தொள்ளாயிரத்தைப் படித்து மகிழ்ந்தவர்களுக்கே அது தெரியும்.